சின்ன வயது விளையாட்டு, வாழ்நாள் உடல்நலம், சாப்பாடு: பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மைதானத்தின் ஓரத்தில் காத்திருக்கும் அப்பா அம்மாக்கள் பெரும்பாலும் இரண்டு விஷயங்களைத்தான் பேசுவார்கள். பிள்ளை நன்றாக விளையாடுகிறதா? சரியாகச் சாப்பிடுகிறதா? நானும் அந்த ஓரத்தில் பல வருடம் உட்கார்ந்திருக்கிறேன். முதலில் அப்பாவாக, அப்புறம் சின்னப் பிள்ளைகளின் டீமுக்குக் கைகொடுக்கிறவனாக. அங்கே திரும்பத் திரும்ப வந்த கேள்விகளும், அவற்றுக்காகத் தேடிப் படித்தவையும் இவை. நான் மருத்துவன் இல்லை. பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்றால் இதை வைத்து முடிவெடுக்காதீர்கள்.

சின்ன வயதில் விளையாடிய பிள்ளை பெரியவனானதும் ஆரோக்கியமாக இருப்பானா?

வாய்ப்பு கூடும். உத்தரவாதம் கிடையாது.

இதை நீண்ட காலம் கவனித்த ஆய்வுகளில் ஒன்று பின்லாந்தில் நடந்தது. 1980-இல் 3 முதல் 18 வயது வரையிலான 3,596 பேரைச் சேர்த்து, அவர்கள் வளர்ந்து வேலை, குடும்பம் என்று போன பிறகும் விடாமல் தொடர்ந்தார்கள். 21 வருடம் கழித்துப் பார்த்தபோது, பள்ளி வயதில் ஓடியாடியவர்களே பெரியவர்களாகியும் ஓடியாடும் போக்கு தெரிந்தது. ஆனால் நாம் நினைக்கிற அளவுக்கு அந்தத் தொடர்பு வலுவாக இல்லை, சுமார்தான். ஏதோ ஒரு வருடம் மும்முரமாக விளையாடியதைவிட, வருடக்கணக்கில் விடாமல் விளையாடியதுதான் பெரிய வயதுப் பழக்கத்தை நன்றாக முன்னுணர்த்தியது.

இன்னொன்று அமெரிக்க மருத்துவ ஆய்வாளர் ரால்ஃப் பாஃபன்பார்கர் 1978-இல் வெளியிட்ட ஆய்வு. ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் படித்து முடித்த 16,936 ஆண்களில் யாருக்கு மாரடைப்பு வந்தது என்று பார்த்தார். கல்லூரி டீமில் ஆடியவர்கள் பிற்பாடு உட்கார்ந்தே வாழ்ந்தபோது, பழைய விளையாட்டு அவர்களைக் காப்பாற்றவில்லை. கல்லூரியில் டீம் பக்கமே போகாதவர்கள், பின்னால் நடை, மாடிப்படி, ஏதாவது ஒரு விளையாட்டு என்று உடம்பை அசைத்தபோது அவர்களுக்கு ஆபத்து குறைந்தது.

இரண்டையும் சேர்த்துப் படித்தபோது எனக்குப் பட்டது இதுதான்: இதயம் பழைய கணக்கை வைத்துக்கொள்வதில்லை. தங்குவது பழக்கமும், உடம்பை அசைப்பது பற்றி மனதில் பதிந்த எண்ணமும். ஆகவே உங்கள் பிள்ளை பத்து வயதில் எத்தனை கோல் போட்டான் என்பது பின்னால் பெரிதாக உதவாது. மைதானத்துக்குக் கிளம்பும்போது அவனுக்கு வயிற்றைப் பிசைந்ததா, கால் பரபரத்ததா என்பது உதவும்.

அப்படியென்றால் உடம்பில் எதுவுமே மிஞ்சாதா?

எலும்பு மிஞ்சும். இந்த ஒன்றில் மட்டும் உடம்பு கொஞ்சம் சேமிப்புக் கணக்கு போலத்தான் நடந்துகொள்கிறது.

பெரியவரின் எலும்பில் இருக்கும் தாதுச் சத்தில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு, பிள்ளை மளமளவென்று உயரமாகும் இரண்டே வருடங்களில் சேர்கிறது. பெண் பிள்ளைகளுக்கு அது 12 வயதை ஒட்டி, ஆண் பிள்ளைகளுக்கு 14 வயதை ஒட்டி. அந்தச் சமயத்தில் குதிப்பது, ஓடித் திரும்புவது, அடிப்பது எல்லாம் எலும்பின் மேல் சுமை ஏற்றும், எலும்பும் அதற்கேற்பத் தடிக்கும். பின்லாந்தின் டென்னிஸ், ஸ்குவாஷ் வீராங்கனைகளின் இரண்டு கைகளையும் ஒப்பிட்டு 1995-இல் ஓர் ஆய்வு வந்தது. மட்டை பிடிக்கும் கையின் எலும்பு மற்றக் கையைவிட வலுவாக இருந்ததில் ஆச்சரியம் இல்லை. ஆனால் பூப்பெய்துவதற்கு முன்போ அந்தச் சமயத்திலோ விளையாடத் தொடங்கியவர்களுக்கு அந்த ஆதாயம், வெகுநாள் கழித்துத் தொடங்கியவர்களுக்குக் கிடைத்ததைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஒரே ஆளின் இரண்டு கைகளை ஒப்பிடுவதால் பரம்பரை, சாப்பாடு என்ற வேறு காரணங்களும் அடிபட்டுப் போகின்றன. கெட்டிக்காரத்தனமான யோசனை.

பேஸ்பால் பந்து எறிபவர்களிடம் செய்து 2014-இல் வெளியான ஆய்வு இதை இன்னும் நீட்டியது. இளமையில் எறிந்து எறிந்து கைக்கு வந்த கூடுதல் எலும்புப் பருமனில் பாதியும், வலுவில் மூன்றில் ஒரு பங்கும், விளையாட்டை விட்டுப் பல பத்தாண்டுகள் ஆன முதியவர்களிடமும் இருந்தன.

நீச்சலும் சைக்கிளும் இதயத்துக்கு நல்லவை. ஆனால் எலும்புக்கு அவை மட்டும் போதாது. நீந்துகிற பிள்ளை கரையிலும் கொஞ்சம் குதிக்கட்டும்.

விளையாட்டுதான் காரணமா, அல்லது ஏற்கெனவே அக்கறையுள்ள வீட்டுப் பிள்ளைகள்தான் விளையாட வருகிறார்களா?

நியாயமான சந்தேகம். நேரமும் வசதியும் உள்ள வீடுகளிலிருந்துதான் பிள்ளைகள் அதிகம் வருகிறார்கள். அவர்கள் விளையாடாமல் இருந்திருந்தாலும் நன்றாகத்தான் சாப்பிட்டிருப்பார்களோ என்னவோ.

இதைப் பிரித்துப் பார்க்க ஒரு சந்தர்ப்பம் தானாக அமைந்தது. அமெரிக்காவில் 1972-இல், அரசுப் பணம் பெறும் கல்வி நிலையங்கள் பெண்களுக்குப் பாகுபாடு காட்டக் கூடாது என்ற சட்டம் வந்தது. அதற்கு முன் உயர்நிலைப் பள்ளி விளையாட்டில் இருந்த பெண் பிள்ளைகள் 3 லட்சத்துக்கும் குறைவு. ஆறே வருடத்தில் அது 20 லட்சத்தைத் தாண்டியது. அந்தப் பெண்களுக்குத் திடீரென்று விளையாட்டு ஆசை வந்துவிடவில்லை. மூடியிருந்த கதவு திறந்தது, அவ்வளவுதான். பிற்காலத்தில் பொருளாதார ஆய்வாளர்கள் அந்தத் தலைமுறையைப் பார்த்தபோது, வாய்ப்பு கிடைத்த பெண்கள் நடுவயதை நெருங்கும்போதும் கூடுதலாக உடலை அசைத்தார்கள், உடல் பருமனும் சற்றுக் குறைவாக இருந்தது. பெரிய மந்திரம் எதுவும் இல்லை, ஆனால் விளையாட்டுக்கும் ஒரு பங்கு இருக்கிறது என்று சொல்ல இது போதும்.

எந்த வயதில் சேர்ப்பது? ஒரே விளையாட்டில் சீக்கிரம் இறக்கிவிடுவது நல்லதா?

எறிவது, பிடிப்பது, உதைப்பது, தாண்டுவது ஆகியவை நடை பழகுவது போலத் தானாக வந்துவிடும் என்று நினைக்கிறோம். வராது, பழக்கினால்தான் வரும். பந்தைக் கையாளும் திறமை சின்ன வயதிலேயே கைவந்த பிள்ளைகள் பதின்ம வயதிலும் கூடுதலாக விளையாடுகிறார்கள் என்று ஆஸ்திரேலிய ஆய்வுகள் காட்டின. காரணம் எளிது. பிடிக்கத் தெரியாதவனுக்குப் பந்து வரும்போதெல்லாம் அவமானம் வருகிறது, ஒதுங்கிவிடுகிறான்.

ஒரே விளையாட்டுக்குச் சீக்கிரம் கட்டிப்போடுவதில் எனக்கு உடன்பாடில்லை. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2016-இல் சொன்னது: முடிந்தால் 15, 16 வயது வரை ஒன்றில் மட்டும் குறுக வேண்டாம், வாரத்தில் ஒன்றிரண்டு நாளாவது ஓய்வு, முக்கியமான விளையாட்டிலிருந்து வருடத்தில் மூன்று மாதமாவது விடுப்பு, அதை மாதம் மாதமாகப் பிரித்துக்கொள்ளலாம். அதிகப்படியான பயிற்சியால் வரும் காயங்களும் சலிப்பும்தான் இதற்குக் காரணம். நார்வேயில் இன்னும் ஒரு படி மேலே போய், பிள்ளைக்கு 11 வயது ஆகும் வருடம் வரை முடிவுப் பட்டியல், தரவரிசை எதுவும் வேண்டாம் என்று விளையாட்டுக் கூட்டமைப்பே விதி வைத்திருக்கிறது. தேசியப் போட்டியெல்லாம் 13 வயது ஆகும் வருடத்திலிருந்துதான். அதனால் அந்த நாடு பதக்கமில்லாமல் போய்விடவில்லை என்பது குளிர்கால ஒலிம்பிக் பார்ப்பவர்களுக்குத் தெரியும்.

என் பையனை டீமில் எடுப்பதே இல்லை. 'எனக்கு விளையாட்டு வராது' என்கிறான். விட்டுவிடலாமா?

இந்தக் கேள்விக்கு என்னால் நிதானமாகப் பதில் சொல்ல முடியாது, மன்னியுங்கள். நான் படித்த காலத்தில் இரண்டு கேப்டன்கள் எதிரெதிரே நின்று மாறி மாறிப் பெயர் சொல்லி ஆள் எடுப்பார்கள். ஒவ்வொருவராகக் குறைந்து கடைசியில் நான் மட்டும் நிற்பேன். 'சரி, இவனை நீயே வச்சுக்கோ' என்று ஒரு கேப்டன் சொன்னது இன்றைக்கும் காதில் கேட்கிறது. அதற்கப்புறம் முப்பது வயது வரை நான் பந்தைத் தொடவில்லை.

எனக்கு மட்டும்தான் இப்படி என்று நினைத்திருந்தேன். 2018-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், 18 முதல் 40 வயதுக்குட்பட்ட ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் பள்ளியின் உடற்கல்வி வகுப்பு நினைவுகளைக் கேட்டார்கள். மோசமான நினைவுகளில் திரும்பத் திரும்ப வந்தவை கூச்சம், கேலி, கடைசியில் தேர்ந்தெடுக்கப்பட்டது. அந்த வகுப்பு கசந்தவர்களுக்கு இன்றைக்கும் உடற்பயிற்சி மேல் ஆசை குறைவு. விடுமுறை நாளில் உட்கார்ந்தே கழிக்கும் நேரம் அதிகம். நினைவுகளைக் கேட்டு எழுதிய ஆய்வு இது, காரண காரியத்தை நிரூபிக்காது. ஆனாலும் படித்தபோது என்னைப் பற்றி யாரோ எழுதியது போல இருந்தது.

பையன் பிறந்த மாதத்தையும் பாருங்கள். வயதுப் பிரிவுக்கு ஜனவரி 1 கணக்கு என்றால், ஜனவரியில் பிறந்தவனும் டிசம்பரில் பிறந்தவனும் ஒரே டீமுக்குப் போட்டியிடுவார்கள். எட்டு வயதில் 11 மாதம் என்பது வாழ்ந்த காலத்தில் ஏறக்குறைய ஒன்பதில் ஒரு பங்கு. மூத்தவன் உயரமாக, வேகமாக இருப்பான், அவனைத் திறமைசாலி என்று எடுத்துக்கொள்வார்கள், அவனுக்கு நல்ல பயிற்சி கிடைக்கும், நிஜமாகவே திறமைசாலி ஆகிவிடுவான். கனடாவின் ஐஸ் ஹாக்கி வீரர்களில் வருடத் தொடக்கத்தில் பிறந்தவர்கள் அளவுக்கு மீறி இருப்பதை 1985-இலேயே கண்டுபிடித்தார்கள். கால்பந்திலும் இது உண்டு. உங்கள் பையன் பின்தங்கவில்லை, பிந்திப் பிறந்திருக்கலாம்.

விட்டுவிடாதீர்கள், ஆனால் அதே வரிசையில் மறுபடியும் கொண்டுபோய் நிறுத்தவும் வேண்டாம். ஆள் எடுக்கும் வேலையே இல்லாத ஏதாவது ஒன்று: நீச்சல், ஏறுதல், சைக்கிள், தற்காப்புக் கலை, நடனம். போன மாதத்தைவிட இந்த மாதம் கொஞ்சம் முன்னேறியிருப்பது அவன் கண்ணுக்கே தெரிய வேண்டும். அது போதும்.

தப்பு செய்தால் கோச் பத்து ரவுண்டு ஓடச் சொல்கிறார். ஒழுக்கம் வரும்தானே?

வராது. ஓடுவது தண்டனை என்ற பாடம்தான் வரும். இருபது வருடம் கழித்து மருத்துவர் 'தினமும் ஓடுங்கள்' என்று சொல்லும்போது அந்தப் பாடம் எழுந்து நிற்கும்.

பயிற்சிக்குப் போகிற பிள்ளை நன்றாகத்தான் சாப்பிடும், இல்லையா?

பாதி உண்மை. விளையாடும் பிள்ளைகள் பழம், காய்கறி, பால் ஆகியவற்றை மற்றப் பிள்ளைகளைவிட அதிகம் சாப்பிடுகிறார்கள். அதே பிள்ளைகள் துரித உணவும் இனிப்புப் பானமும்கூட அதிகம் எடுத்துக்கொள்கிறார்கள். மொத்தக் கலோரியும் கூடுதல். பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2011-இல் வந்த முடிவு இது. காரணத்தைத் தேடி எங்கேயும் போக வேண்டாம், மைதானத்தின் ஓரத்திலேயே இருக்கிறது. பயிற்சி சாப்பாட்டு வேளையில் முடிகிறது, சமைக்க நேரமில்லை, வழியில் ஏதாவது வாங்கிக்கொள்கிறோம். மேட்ச் முடிந்தால் முறை வைத்து ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஸ்நாக்ஸ் வருகிறது. போன வாரம் அவர்கள் கொண்டுவந்ததைவிட நம்முடையது குறைந்துவிடக் கூடாது என்ற போட்டி வேறு.

இன்னொரு கணக்கும் தப்புகிறது. '2 மணி நேரம் ஆடிவிட்டு வந்திருக்கிறான்' என்று சொல்கிறோம். உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதல்படி 5 முதல் 17 வயதுப் பிள்ளைகளுக்குச் சராசரியாக நாளொன்றுக்கு 60 நிமிடம் மூச்சு வாங்கும் அளவுக்கு உடல் உழைப்பு வேண்டும். கலிஃபோர்னியாவில் சிறுவர் டீம்களின் இடுப்பில் கருவி கட்டி அளந்தபோது, ஒரு பயிற்சி நாளில் கிடைத்த அத்தகைய அசைவு சராசரியாக 45 நிமிடம்தான். 60-ஐத் தொட்டவர்கள் நான்கில் ஒருவர்கூட இல்லை. மிச்ச நேரமெல்லாம் வரிசையில் நிற்பது, கோச் பேசுவதைக் கேட்பது, தன் முறைக்குக் காத்திருப்பது. அதற்கு ஒரு பெரிய பொட்டலமும் ஒரு பாட்டிலும் ஈடு செய்தால் கணக்கு எப்படி நேராகும்?

பிள்ளைக்குப் பசிக்கும், அது நிஜம். ஒரு வாழைப்பழமும் ஒரு கைப்பிடி கடலையும் பையில் வைத்துவிட்டால் வீடு வரும் வரை தாங்கும். அதற்கப்புறம் வீட்டுச் சாப்பாடு.

'ஜெயித்தால் ஐஸ்கிரீம்' என்று சொல்வதில் என்ன தப்பு?

எப்போதோ ஒருமுறை என்றால் குடி முழுகாது. வழக்கமாக்கினால்தான் பிரச்சினை.

லீயன் பர்ச் என்ற உளவியலாளர் 1980-களில் சின்னப் பிள்ளைகளிடம் செய்த சோதனைகள் இதில் பிரபலம். ஓர் உணவைப் பரிசாகக் கொடுத்தால் பிள்ளைக்கு அதன்மேல் ஆசை கூடுகிறது. 'இதைச் சாப்பிட்டால் அதைத் தருவேன்' என்று பேரம் பேசினால், 'இது' மேல் இருந்த விருப்பம் குறைகிறது. காய்கறியைச் சாப்பிட்டால் இனிப்பு என்று நாம் சொல்லும்போது, காய்கறி ஒரு கஷ்டம், இனிப்பு ஒரு பரிசு என்று நாமே கற்றுக்கொடுக்கிறோம்.

விளையாட்டு இதோடு சேரும்போது இன்னொரு முடிச்சு விழுகிறது. 'நிறையச் சாப்பிட்டுவிட்டாய், போய் நாலு ரவுண்டு ஓடிக் கரைத்துவிட்டு வா' என்று விளையாட்டாகச் சொல்கிறோம். 'இன்றைக்கு நன்றாக ஓடினாய், இப்போது சாப்பிடலாம்' என்பதும் அதே ரகம். ஓட்டம் என்பது சாப்பாட்டுக்குக் கட்டும் அபராதம் என்று பிள்ளை புரிந்துகொள்ளும். இப்படி வளர்ந்த பெரியவர்களை எனக்குத் தெரியும். கணுக்கால் சுளுக்கிப் படுத்திருக்கும் வாரத்தில் நிம்மதியாக ஒரு வாய் சாப்பிட மாட்டார்கள். ஓடாத நாளில் சாப்பிட உரிமையில்லை என்று உள்ளே ஒரு குரல். பசித்தால் சாப்பிடுவதும் பிடித்ததால் ஓடுவதும் இரண்டு தனி வேலைகளாகவே இருக்கட்டும்.

ஸ்போர்ட்ஸ் டிரிங்க், எனர்ஜி டிரிங்க், புரோட்டீன் பவுடர்?

சாதாரணப் பயிற்சிக்குத் தண்ணீர் போதும். அரை லிட்டர் ஸ்போர்ட்ஸ் டிரிங்க்கில் ஏறக்குறைய 30 கிராம் சர்க்கரை இருக்கும், ஏழு தேக்கரண்டி. கடும் வெயிலில் ஒரு மணி நேரத்துக்கு மேல் இடைவிடாமல் ஆடுகிற நாளுக்கு அது பயன்படலாம். பள்ளி மதிய உணவோடு சேர்த்துக் குடிப்பதற்கு அது செய்யப்படவில்லை.

எனர்ஜி டிரிங்க் வேறு பொருள், பெயர் ஒத்திருப்பதால் குழப்பம். அதில் காஃபீன் உண்டு. பிள்ளைகளுக்கு அது வேண்டவே வேண்டாம் என்று குழந்தை மருத்துவர்கள் 2011-இலேயே தெளிவாகச் சொல்லிவிட்டார்கள். பவுடர் விஷயத்தில், பால், முட்டை, பருப்பு, மீன், இறைச்சி என்று ஏதாவது ஒன்றிரண்டை ஒழுங்காகச் சாப்பிடும் பிள்ளைக்கு அது தேவைப்படுவது அரிது. அதில் லேபிளில் சொல்லாத பொருள்கள் கலந்திருந்து பெரிய வீரர்களே ஊக்கமருந்துச் சோதனையில் மாட்டியிருக்கிறார்கள்.

கோச் என் மகளை எடை குறைக்கச் சொல்கிறார். கேட்கலாமா?

வளரும் பிள்ளையை மருத்துவர் பார்க்காமல் எடை குறைக்கச் சொல்லும் உரிமை எந்தக் கோச்சுக்கும் இல்லை. இதில் நான் கடுமையாகவே இருப்பேன்.

வளர்ச்சிக்கு ஒரு பங்கு சக்தி வேண்டும், பயிற்சிக்கு ஒரு பங்கு வேண்டும். உள்ளே வருவது போதாவிட்டால் உடம்பு தானே வெட்டத் தொடங்குகிறது: மாதவிடாய் நிற்கும், எலும்பு மெலியும், காயம் ஆறாது, சளி அடிக்கடி பிடிக்கும், எரிச்சலும் சோர்வும் வரும். விந்தை என்னவென்றால், முதல் சில வாரங்களில் ஆட்டம் மேம்பட்டது போலக்கூடத் தோன்றலாம். அதனால் எல்லோரும் பாராட்டிவிடுகிறார்கள். பெண்களுக்கு மட்டும் உள்ளது என்று வெகுநாள் நினைத்திருந்த இந்த நிலை ஆண்களுக்கும் வருகிறது என்று சர்வதேச ஒலிம்பிக் குழு 2014-இல் விரிவாக எழுதி, 'விளையாட்டில் சார்புச் சக்திக் குறைபாடு' என்ற பொருளில் புதுப்பெயரும் வைத்தது. 15 வயதாகியும் பூப்பெய்தாத பெண், மூன்று மாதமாக மாதவிடாய் வராத பெண், எலும்பில் இரண்டாவது முறை விரிசல் கண்ட பிள்ளை ஆகியோரை அந்த வாரமே மருத்துவரிடம் காட்டுங்கள். 'நிறையப் பயிற்சி செய்தால் அப்படித்தான் நின்றுபோகும்' என்று மைதானத்தில் சொல்வார்கள். நம்பாதீர்கள்.

எடைப் பிரிவு உள்ள விளையாட்டுகளில் ஆபத்து இன்னும் வெளிப்படை. 1997-இல் சில வார இடைவெளியில் மூன்று அமெரிக்கக் கல்லூரி மல்யுத்த வீரர்கள், எடையை அவசரமாக இறக்குவதற்காகத் தண்ணீர் குடிக்காமல் வியர்வையாக வடித்து இறந்துபோனார்கள். அதற்குப் பிறகே விதிகள் மாறின. மெலிந்த உடம்பைக் கொண்டாடும் விளையாட்டுகளிலும், பெரியவர்களுக்கான சர்வதேசப் போட்டியில் இறங்கத் தேவையான குறைந்தபட்ச வயது மெல்ல மெல்ல ஏறுகிறது: ஜிம்னாஸ்டிக்ஸில் 1997 முதல் 16 வயது, ஃபிகர் ஸ்கேட்டிங்கில் 15 என்றிருந்ததை 17 ஆக்க 2022-இல் முடிவு.

கோச்சிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: 'எடையைத் தவிர வேறு எதை மேம்படுத்தலாம்?' நல்ல கோச்சிடம் பட்டியலே இருக்கும்.

13 வயதில் மகள் திடீரென்று நிறுத்திவிட்டாள். கட்டாயப்படுத்தலாமா?

நிறைய வீடுகளில் நடப்பதுதான். 2016 நிலவரப்படி உலகில் பள்ளி செல்லும் 11 முதல் 17 வயதினரில் 81 சதவீதம் பேருக்குப் போதிய உடல் உழைப்பு இல்லை. பெண் பிள்ளைகளில் 85 சதவீதம். அந்த வயதில் உடம்பு மாறுகிறது, ஜெர்சி இறுக்கமாகிறது, மாதவிடாய் நாளில் எங்கே மாற்றுவது என்று யாரும் யோசித்து வைத்திருப்பதில்லை. பல சமயம் விளையாட்டு அலுத்துப்போயிருக்காது; சரியான உள்ளாடையும் சுத்தமான கழிவறையும் இல்லாததுதான் காரணமாக இருக்கும். ஆனால் அதை அப்பாவிடம் வந்து சொல்ல மாட்டாள். அம்மாவோ அக்காவோ சித்தியோ கேட்டால் சொல்லலாம்.

கட்டாயப்படுத்த வேண்டாம். ஜார்ஜ் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தினர் சிறுவர் கால்பந்தில் எது எதெல்லாம் சந்தோஷம் தருகிறது என்று கேட்டு 81 விஷயங்களைத் தொகுத்தார்கள் (2015). ஜெயிப்பதற்கு 48-ஆவது இடம். முன்னால் இருந்தவை முழு முயற்சியோடு ஆடுவது, டீமில் ஒருவரையொருவர் தாங்கிக்கொள்வது, கோச் மதிப்பாக நடத்துவது. உங்கள் மகளுக்கு இந்த மூன்றில் எது போயிற்று என்று கண்டுபிடியுங்கள். தோழி வேறு இடத்துக்குப் போய்விட்டாள் என்பதே காரணமாக இருக்கலாம். தோழி இருக்கும் இடத்துக்கு இவளும் போகட்டும், விளையாட்டு வேறாக இருந்தாலும்.

விளையாட்டை விட்ட பிறகும் அதே அளவு சாப்பிடுகிறான். என்ன செய்வது?

தட்டைப் பிடுங்காதீர்கள். பயிற்சி நின்றாலும் கை பழகிய அளவு உடனே நிற்காது. அவனிடம் கேட்டால், 'நான் பிளேயர், அப்படித்தான் சாப்பிடுவேன்' என்பான். அது பசியைப் பற்றிய பேச்சு மட்டுமல்ல, தான் யார் என்பதைப் பற்றியதும்கூட. வாரம் 12 மணி நேரத்திலிருந்து பூஜ்யத்துக்கு இறங்கியதுதான் சிக்கலின் வேர். நண்பர்களோடு வாரத்தில் இரண்டு மூன்று நாள் சும்மா ஆடினாலும் பாதிப் பிரச்சினை தீரும். தூக்கத்தையும் கவனியுங்கள், 13 முதல் 18 வயதுக்கு 8 முதல் 10 மணி நேரம் வேண்டும். பயிற்சி நின்றதும் பலர் இரவு முழுக்க விழித்து நொறுக்குத் தீனியோடு உட்கார்ந்துவிடுகிறார்கள்.

மேட்ச் முடிந்து வீடு திரும்பும் வழியில் என்ன பேசுவது?

ஆட்டத்தைப் பற்றி நீங்களாக எதுவும் வேண்டாம். 'நீ ஆடுவதைப் பார்க்க நன்றாக இருந்தது', அப்புறம் 'பசிக்கிறதா?' அவனாகப் பேச்செடுத்தால் கேளுங்கள். தவறவிட்ட பந்தைப் பற்றி அவனுக்கு ஏற்கெனவே தெரியும்.

நான் சின்ன வயதில் விளையாடவே இல்லை. ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?

பழமொழியோடு சண்டை போட வேண்டியிருக்கிறது. ஹார்வர்ட் கணக்கை மறுபடி பாருங்கள்: இளமையில் விளையாடாமல் பிற்பாடு உடம்பை அசைக்கத் தொடங்கியவர்களுக்கும் மாரடைப்பு ஆபத்து குறைந்தது.

கஷ்டம் உடம்பில் இல்லை, அந்தப் பழைய வரிசையில்தான். 'எனக்கு இதெல்லாம் வராது' என்ற குரல் எனக்கு முப்பது வயதிலும் கேட்டது. என் மகள் சுவரில் பந்தடிக்க ஆள் தேடியபோது வேறு வழியில்லாமல் போய் நின்றேன். முதல் வாரம் பாதிப் பந்து என்னைத் தாண்டிப் போனது. அவள் சிரித்தாள், கேலியாக இல்லை. எடுத்துக்கொண்டு வந்து மறுபடி அடித்தாள். யாரும் எண்ணவில்லை, யாரும் என்னைத் தேர்ந்தெடுக்கவும் இல்லை. இப்போது வாரத்தில் நான்கு நாள் அரை மணி நேரம். இன்னும் இடது பக்கம் வரும் பந்தை விட்டுவிடுகிறேன்.